வெளியே வந்த நோயும் உள்ளே இருந்த நோயும்

சேலத்தில் பேருந்து ஏறி உட்கார்ந்ததிலிருந்து மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "யாரு வூட்டுக்குங்க போறீங்க?" மலேயாவில், எங்கள் ஈப்போவில், பக்கத்து இருக்கைக்காரர் இறங்கும்வரை சன்னலையே பார்த்துக்கொண்டு வருவார். இங்கே கேட்காமல் விட்டால்தான் தப்பு போலிருந்தது. "மகளைப் பார்க்க. அரூருக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கிறாள்" என்றேன். "உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று அடுத்தது வந்தது. மடியில் இருந்த பால்மாவு டப்பா காட்டிக்கொடுத்துவிட்டது.

"கொஞ்சம் ரத்தசோகை" என்றேன்.

அது பாதி உண்மை. மருத்துவம் படிக்க இந்தியாவுக்கு அனுப்பிய எங்கள் ஒரே மகள் வசந்தா, படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவாள் என்று காத்திருந்தோம். அவளோ சித்தேரி மலைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். ஓர் ஆண்டு கழித்து அங்கிருந்து செய்தி வந்தது. நுரையீரலில் காசநோய். குடலில் கொக்கிப்புழு. இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே உடம்பில். என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "நீ போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வா" என்றார். பினாங்கில் கப்பல் ஏறும்போது வழியனுப்ப வந்த நாத்தனாரிடம், "வயிற்றில் பூச்சியாம், வேறொன்றுமில்லை" என்று சொல்லிவிட்டேன். பூச்சியை யாரிடமும் சொல்லலாம். மற்றதைச் சொன்னால், கல்யாணமாகாத பெண்ணுக்கு ஊரில் ஒரு கதவும் திறக்காது.

பாதி வழியில் பேருந்தின் முன்பக்கம் புகைந்தது. எல்லாரும் இறங்கினோம். நடத்துநர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடிப் போனார். புளியமரத்தடியில் எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்துத் தெலுங்கில் பேசினார்கள். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவரிடம், என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் மொழிபெயர்த்தார்: "இந்தம்மா காலைப் பாரு, சேறே பாக்காத காலுன்றா ஒருத்தி. காலு பூரா தோலைப் போட்டு மூடிக்கிட்டா சேறு எங்கிருந்து படும்னு கேக்கறா இன்னொருத்தி."

நான் என் சப்பாத்துகளைப் பார்த்துச் சிரித்தேன். அவர்களும் சிரித்து, மடியிலிருந்த வறுத்த வேர்க்கடலையில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார்கள். அந்தப் பேச்சு பின்னால் எனக்கு எத்தனை முறை நினைவுக்கு வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

எங்கள் ஊர் மலைகள் சுண்ணாம்புப் பாறைகள். வீட்டுக் கூரைக்குப் பின்னால் திடீரென்று செங்குத்தாக எழும்பும். இங்கே மலை அப்படி இல்லை. அரூரைத் தாண்டியதும் தொலைவில் ஒரு நீலக்கோடு தெரிந்தது. கோடு மெல்லத் தடித்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது அது வானத்தில் பாதியாகி நின்றது. மகளைப் பார்க்க ஓட வேண்டிய நான், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"அம்மா, நான் இந்தப் பக்கம் இருக்கேன்" என்றாள் வசந்தா.

திரும்பினேன். புடவைக்குள் பாதி ஆள்தான் இருந்தாள். கட்டிக்கொண்டபோது அவள் முதுகெலும்பு என் விரல்களில் தட்டுப்பட்டது. "பயப்படாதீங்க, புழு போயிடுச்சு. காசத்துக்கு மருந்து ஆரம்பிச்சு மாசக்கணக்காச்சு. என்கிட்டேருந்து உங்களுக்கு வராது" என்றாள். நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவள் நகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதம் போல வெளுத்திருந்தன.

அன்று இரவு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடையலும் போட்டார்கள். களியை நான் மென்று பார்த்தேன். அது வாயில் பெருகிக்கொண்டே போயிற்று. பரிமாறிய மாதம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். ஊர் ஊராகப் போய் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வருவதும் அவள் வேலைதான். "அதை மெல்லக் கூடாதுங்கம்மா. உருட்டி, கொழம்புல தோய்ச்சு, முழுங்கிடணும். உங்க பொண்ணு வந்த அன்னிக்கே கத்துக்கிச்சு" என்றாள். வசந்தா முழுங்கிக் காட்டினாள். அதன் பிறகு ஒரு கை நிறைய மாத்திரைகளையும் அதேபோல முழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வெளியே வந்த மாத்திரைக்குப் பதில் வேறொன்றை எடுத்து மறுபடி முழுங்கினாள். கண்ணில் நீர் நின்றது. நான் களியைத் தள்ளி வைத்தேன்.

"புழு எப்படிம்மா வந்துச்சு உனக்கு?" என்று கேட்டேன்.

"கால் வழியா."

மலைமேல் உள்ள ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஊர் எல்லையில் ஒரு கல் நிற்கும். அதுதான் அவர்கள் அம்மன். அதைத் தாண்டி யாரும் செருப்புக் காலோடு போவதில்லை. அதிகாரி வந்தாலும் சரி, மணமகன் வந்தாலும் சரி. வசந்தா ஓர் ஆண்டாக வாரந்தோறும் அங்கே வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். ஈர மண்ணில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்கள் காத்திருக்கும். பாதத்துத் தோலைத் துளைத்து ஏறிவிடும்.

"தெரிஞ்சுமா போனே?"

"செருப்போட போனா ஒரு வூட்டுலயும் என்னை உள்ளே விட மாட்டாங்கம்மா." வீடு என்பது அவள் வாயில் வூடு ஆகிவிட்டதைக் கவனித்தேன்.

மறுநாள் அவள் வேலை செய்யும் இடங்களைச் சுற்றிக் காட்டினாள். காசநோய்க்காரர்களின் கட்டில்கள் வேப்பமரங்களுக்குக் கீழே வரிசையாகக் கிடந்தன. காற்றும் வெளிச்சமும் மருந்தில் பாதி என்றாள். எங்கள் ரப்பர் தோட்டப்புறத்தில் சின்ன வயதில், மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் எங்களை வரிசையில் நிறுத்தி, மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றுவார். புழு என்றால் எனக்கு அவ்வளவுதான் தெரியும். இங்கே படுத்திருந்தவர்களில் பலருக்கு மேலே ஒரு நோய், கீழே ஒரு நோய். நுரையீரலைக் காசம் புண்ணாக்குகிறது. குடலில் தொங்கும் புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது. காசத்துக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் உடம்பு தேறுவதில்லை. தேறவில்லையே என்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். புழுவுக்கு மட்டும் கொடுத்தால் முகத்தில் களை வந்துவிடுகிறது. குணமாகிவிட்டது என்று அப்போதும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வசந்தா இதைச் சொன்னபோது, தன்னைப் பற்றியும்தான் சொல்கிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகவே உறைத்தது.

பரிசோதனை அறை என்பது ஒற்றைச் சன்னல் உள்ள ஒரு தடுப்பு. அங்கே இருந்த ரஹீம் அரூர்க்காரர். குடும்பமே புளி, கடுக்காய் வியாபாரம். "எங்க வூட்டுல எல்லாரும் மூட்டையா நிறுக்கறாங்க. நான் மட்டும் கண்ணுக்குத் தெரியாததை எண்ணிக்கிட்டு இருக்கேன்னு எங்க அத்தா திட்டுவாருங்க" என்று சொல்லிக்கொண்டே நுண்ணோக்கியின் கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பினார். ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

எதை எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. அருவருப்பான எதையோ. நான் கண்டது ஒரு கண்ணாடி முத்து. நீளுருண்டையாக, மெல்லிய ஓட்டோடு, உள்ளே நான்கு மணிகள் ஒன்றையொன்று அணைத்தபடி இருந்தன. நகைக்கடையில் வைத்தால் விலை கேட்பேன்.

"கொக்கிப்புழு முட்டை. மண்ணுல விழுந்து பொரிச்சா, கால்ல ஏறும்" என்றாள் வசந்தா. "ரத்தத்தோட போய் நுரையீரலுக்கு வரும். அங்கேருந்து மூச்சுக்குழல்ல ஏறித் தொண்டைக்கு வரும். நாம எச்சில் முழுங்கும்போது அதையும் முழுங்கிடுவோம். அப்புறம்தான் குடலுக்குப் போய்ச் சேரும்."

நான் கடல் கடந்து, ரயில் மாறி, பேருந்து புகைந்து இங்கே வந்து சேர்ந்ததைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணில்லாத ஒரு நூல் துண்டு, யாரிடமும் வழி கேட்காமல், என் மகளின் பாதத்திலிருந்து அவள் மார்பு வழியாக இத்தனை தூரம் போயிருக்கிறது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வாய் பிளந்து நின்றேன்.

அன்று மத்தியானம்தான் வெள்ளையம்மாவின் பெயரை முதலில் கேட்டேன். மலைமேல் ஊர்க்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். அவளுக்கும் காசமும் புழுவும் சேர்ந்தே இருந்தன. புழுவில் நீளமான உருளைப்புழு வேறு. வசந்தாதான் முதலில் புழுவுக்கு மருந்து கொடுத்திருக்கிறாள். மறுநாள் காலையில் ஒரு சாண் நீளத்தில் கொத்தாக வெளியே வந்திருக்கின்றன. வெள்ளையம்மா பார்த்தாள். வார்டே வந்து பார்த்தது. பசி எடுத்தது, சாப்பிட்டாள், நிமிர்ந்து நடந்தாள். இரண்டாம் வாரம் துணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நோய்தான் வெளியே வந்துவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?

"ரெண்டு தடவை போயிட்டேங்க" என்றாள் மாதம்மா. "ரெண்டு தடவையும் தேன் குடுத்து, கும்பிட்டு அனுப்பிட்டா. நான் மாத்திரையைக் குடுத்தா அவ தேனைக் குடுக்கறா."

"கைக்குழந்தை இருக்கு அவளுக்கு" என்று வசந்தா எழுந்தாள். "நாளைக்கு நானே போறேன்."

பெரிய டாக்டர் அவளை ஒரு படிகூட ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார். எழுந்த வேகத்துக்கே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ உட்கார்" என்றேன். "நான் போகிறேன்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அந்தப் பெண்ணுக்காகப் போகவில்லை. என் மகள் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விடிந்ததும் ரஹீமின் அண்ணன் கடுக்காய் ஏற்றப் போகும் லாரியில் எனக்கும் மாதம்மாவுக்கும் முன்னால் இடம் கொடுத்தார். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டாவது வளைவில் பின்சக்கரம் சேற்றில் அமிழ்ந்தது. இறங்கித் தள்ளினோம். "அக்கா, நீங்க சும்மா கைய வெச்ச மாதிரி நில்லுங்க, போதும்" என்றார் ரஹீமின் அண்ணன். நானும் தள்ளினேன். சக்கரம் வெளியே வந்தபோது என் புடவையின் பாதி மலையின் நிறத்தில் இருந்தது. அதற்குமேல் லாரி போகாது என்று தெரிந்து நடந்தோம்.

அந்த வழியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது. அதிலிருந்து ஒரு மரத்தின் உச்சி மட்டும் தீவு மாதிரி எட்டிப் பார்த்தது. சாமை வயல்கள் சரிவில் பொன்னிறமாகத் தொங்கின. எதிரே விறகுக் கட்டோடு இறங்கிய பெண்கள் எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி இருமினாள். கட்டு அசையவே இல்லை. இந்த வெளுத்த உதடுகளோடும் இந்த இருமலோடும் இவர்கள் இந்த ஏற்றத்தில் சுமை தூக்குகிறார்களே என்று நினைத்தேன். வெறும் கையோடு நடக்கும் எனக்கே மூச்சு நின்று நின்று வந்தது.

ஊர் எல்லையில் அந்தக் கல் இருந்தது. முழங்கால் உயரம், மஞ்சள் பூசி, யாரோ ஒரு சாமைக் கதிரைச் சாத்தியிருந்தார்கள். மாதம்மா செருப்பைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினாள். அங்கே ஏற்கெனவே சில செருப்புகள் காய்த்துத் தொங்கின.

"கழட்டி வைங்கம்மா. ஒருத்தரும் தொட மாட்டாங்க."

தொடுவார்கள் என்று நான் பயப்படவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் மண் கறுப்பாக, ஈரமாக, நிழலில் கிடந்தது. அதற்குள் என்ன காத்திருக்கிறது என்று நேற்றுத்தான் பார்த்திருந்தேன். கண்ணாடி முத்து. என் மகளின் ரத்தம் இந்த மண்ணுக்குத்தான் போயிருக்கிறது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். மாதம்மா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை. சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தேன். காலுறையையும் கழற்றி உள்ளே திணித்தேன். முதல் அடியில் மண் விரல்களுக்கிடையே குளிர்ச்சியாகப் பிதுங்கி மேலே வந்தது.

ஊருக்குள் கோழிக்குழம்பு வாசனை. வெள்ளையம்மாவின் நோய் போனதற்காக அம்மனுக்குப் பொங்கலிட்டு, கோழி அடித்து, ஊரைக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் விருந்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள்.

"டாக்டரம்மாவோட அம்மாங்களா? அந்தச் சீமையிலேருந்தா?" என்று ஓடிவந்தாள் ஒருத்தி. தோள்பட்டை எலும்புகளுக்கு மேலே கோப்பைகள் போலக் குழிந்திருந்தது. கண்கள் மட்டும் அத்தனை பிரகாசம். இடுப்பில் ஒரு பெண்குழந்தை, தாயின் கழுத்தில் வாயை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள்தான் வெள்ளையம்மா. பேச்சுக்கு நடுவே திரும்பி இருமினாள். குழந்தை அந்த இருமலில் குலுங்கி, மறுபடி அதே இடத்தில் வாயை வைத்துக்கொண்டது.

முதலில் எனக்கு அதைக் காட்டினாள். கூரை விளிம்பில் ஒரு கண்ணாடிச் சீசா தொங்கியது. உள்ளே சாராயத்தில் ஊறியபடி, வெளுத்த கயிறு போல மூன்று நான்கு புழுக்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

"இதாங்க என்னை இத்தினி நாளா தின்னது. உங்க பொண்ணு கையால வெளிய வந்துச்சு. அந்தக் கையி நல்லா இருக்கணும்."

"சாராயத்தை எல்லாம் புழுவுக்கு ஊத்திட்டா. எனக்கு ஒரு சொட்டு இல்ல" என்றான் அவள் புருஷன் சடையன். எல்லாரும் சிரித்தார்கள்.

சாமைச் சோறும் கோழிக்குழம்பும் இலையில் போட்டார்கள். அவ்வளவு ருசியான குழம்பை நான் எங்குமே சாப்பிட்டதில்லை. ஆனால் அந்த விருந்து எதற்காக என்பது ஒவ்வொரு கவளத்திலும் நினைவுக்கு வந்தது. சாப்பிட்டு முடிந்ததும் மாதம்மா பையிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளையம்மா சொல்லி வைத்ததுபோல உள்ளே போய்த் தேன் சீசாவோடு வந்தாள்.

"தேன் வேண்டாம்மா" என்றேன் நான். "வெளியே வந்தது ஒரு நோய். உள்ளே இன்னொன்று இருக்கிறது."

"எங்கீங்க?"

"மார்பில்."

"காட்டுங்க." கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் துணியை விரிக்கச் சொல்வதுபோலக் கேட்டாள். "இருந்ததைக் காட்டினாங்க, பாத்தேன், நம்பினேன். இருக்குதுன்னு சொல்றதையும் காட்டுங்க."

என்னிடம் என்ன இருந்தது காட்ட? பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். ஆதாரத்தோடு பேசு என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். அந்த வாசலில் ஆதாரம் அவள் பக்கம்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

குழந்தை அவள் கழுத்தில் முகத்தைத் திருப்பியது.

"என் மகளுக்கும் இருக்கிறது" என்றேன். "டாக்டரம்மாவுக்கு. எலும்புருக்கி."

கப்பலில் சொல்லவில்லை, பேருந்தில் சொல்லவில்லை, சொந்த நாத்தனாரிடம் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு மலையூரின் நடுவே, கைகூடக் காயாத நிலையில், சொல்லிவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சடையன் மெல்ல, "டாக்டரம்மாவுக்கேவா?" என்றான்.

"அவளுக்கும் புழு இருந்தது. அதுவும் போய்விட்டது. ஆனாலும் தினமும் அந்த மாத்திரையை முழுங்குகிறாள். முழுங்கிவிட்டு வாந்தி எடுக்கிறாள். எடுத்துவிட்டு மறுபடி முழுங்குகிறாள். முந்தாநாள்தான் பார்த்தேன்."

"வாந்தி வருதா அவங்களுக்கும்?" வெள்ளையம்மா என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "எனக்குந்தாங்க வந்துச்சு. எங்கிட்ட அவங்க சொல்லவே இல்லியே." குழந்தையை மடிக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "நீங்க அவங்களக் கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க?" என்றாள்.

நான் முந்தானையில் கையைத் துடைத்தேன்.

"பெத்தவ, கூட்டிட்டுப் போவீங்க. ஞாயந்தான். அவங்க உங்கூரு கப்பல்ல உக்காந்து முழுங்குவாங்க. நான் இங்க யாரப் பாத்து முழுங்கறது? அவங்க இங்கியே இருந்து, கடைசி மாத்திரை வரைக்கும் முழுங்குவாங்கன்னு சொல்லுங்க. நான் நாளைக்கே இறங்கறேன்."

"அவளைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்."

"கூட்டிட்டுப் போறேன்னு கப்பலேறும்போது கேட்டுட்டா ஏறினீங்க?"

மாதம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ. மேகம் வீட்டு வாசல்வரை ஏறி வந்து, சீசாவைத் தொட்டு, கலைந்தது. என் மகள் என்னோடு கப்பலில் இருப்பதை நான் அந்தப் பயணம் முழுவதும் கண்ணுக்கு முன் ஓட்டிப் பார்த்தபடியே வந்திருந்தேன். மேல்தட்டில் நாற்காலி போட்டு, போர்வை சுற்றி, பால் ஆற்றிக் கொடுப்பேன். அவள் கன்னம் நாளுக்கு நாள் உப்பும்.

"இருப்பாள்" என்றேன்.

மறுநாள் எங்களோடு வெள்ளையம்மா இறங்கினாள். சடையன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டான். எல்லைக் கல்லருகே என் சப்பாத்துகள் மரத்தில் அப்படியே தொங்கின. கால் விரல்களுக்கு நடுவே எனக்கு அரிக்கத் தொடங்கியிருந்தது. "அதுதாங்க அடையாளம். உள்ள வந்துட்டாங்க விருந்தாளிங்க" என்றாள் மாதம்மா.

வசந்தாவிடம் நான் கொடுத்த வாக்கைச் சொன்னேன். "என்னைக் கேக்காமலா சொன்னீங்க?" என்றாள். "உன் அப்பாவுக்கு நீதான் எழுத வேண்டும், என்னால் முடியாது" என்றேன். அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று, இருமல் நின்ற பிறகும் சிரித்தாள். என் கால்களைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போனதும் இரண்டு மாதம் கழித்து எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும், எந்த மருந்து குடிக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டாள்.

ரஹீமின் சன்னலருகே வெள்ளையம்மாவை உட்கார வைத்தோம். அவளுடைய சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயமும் நீலச் சாயமும் ஏற்றி வைத்திருந்தார் ரஹீம். எந்தக் கண்ணைத் திறப்பது, எதை மூடுவது என்று அவளுக்குப் பிடிபடவே நேரமாயிற்று. பிறகு சட்டென்று அசைவற்றுப் போனாள்.

"செவப்பா, ஊசி ஊசியா."

"அதுதான் அக்கா" என்றாள் வசந்தா.

"இதுக்கு வாயி இல்லியே. மூஞ்சியே இல்லியே. இது எப்படித் தின்னும்?" மறுபடி பார்த்தாள். "எத்தினி இருக்குது. இத்தினியுமா எம் மார்ல?" நிமிர்ந்தபோது முகத்தில் பயம் இருந்தது. அதைவிட அதிகமாக வேறொன்றும் இருந்தது. முட்டையைப் பார்த்து நிமிர்ந்தபோது என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். குழந்தை சடையன் தோளில் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு வசந்தாவிடம், "உங்களுத காட்டுங்க" என்றாள்.

வசந்தா என்னைப் பார்த்தாள். அன்று காலை அவளும் சளி கொடுத்திருந்தாள். அதை இன்னும் யாரும் பார்க்கவில்லை. முந்தைய முறை அதில் சிவப்பு ஊசிகள் இருந்தன.

"பேச்சு பேச்சுதானே" என்றாள் வெள்ளையம்மா. "நான் காட்டினேன்ல?"

ரஹீம் கண்ணாடித் துண்டை மாற்றினார். வெள்ளையம்மாதான் முதலில் குனிந்தாள். "ஒண்ணுமே காணமே. மழை விட்ட வானமாட்டம் இருக்குது" என்றாள். ஒரு பார்வை போதாது என்று எனக்குத் தெரியும். ரஹீம் உட்கார்ந்தார். திருகை மெல்ல மெல்லத் திருப்பி, வரப்பு வரப்பாக ஒரு வயலைத் தேடுவதுபோலத் தேடினார். வேப்பமரத்தடியில் யாரோ இருமினார்கள். வசந்தா என் முந்தானை நுனியைப் பிடித்திருந்தாள், பள்ளியில் முதல் நாள் பிடித்ததுபோல.

"இல்லீங்கம்மா" என்றார் ரஹீம். "தேடிட்டேன். ஒண்ணுகூட இல்லீங்க."

இன்னும் பல மாதங்கள் மாத்திரை முழுங்க வேண்டும், இது குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்று வசந்தா வெள்ளையம்மாவுக்கு விளக்கத் தொடங்கினாள். வெள்ளையம்மா கையை நீட்டினாள். மாதம்மா அதில் மாத்திரையை வைத்தாள். வசந்தாவும் தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி, களி முழுங்குவதுபோல முழுங்கினார்கள்.

நான் நுண்ணோக்கியில் குனிந்தேன். நீலம். விளிம்பிலிருந்து விளிம்புவரை வெறும் நீலம். என் மகளின் மார்புக்குள்ளிருந்து வந்த அதில் எதுவுமே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னாங்கம்மா இது" என்று என் முதுகுக்குப் பின்னால் வெள்ளையம்மா கேட்டாள். "ஒண்ணுமே இல்லாததைப் போயி எத்தினி நேரந்தாங்க பாப்பீங்க?"